பதினொன்றுக்குப் பூஜ்யம்

ஜனவரி 20, 2024, சனி

காரைவிளைக் கல்லூரி பதினொன்று. சந்தியாகுமுனைக் கல்லூரி பூஜ்யம்.

பிரஷருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "கோபம் வந்தா கத்தாதீங்க சார், ஒரு நோட்டுல எழுதிருங்க" என்று சொல்லி ஒரு மாதம் ஆகிறது. மின்சார ஆபீசில் புத்தாண்டுக்குக் கொடுத்த இந்த டைரியை நான் பிரிக்கவே இல்லை. இன்றைக்குப் பிரித்துவிட்டேன். அந்த டாக்டர் கால்பந்து பார்ப்பவராக இருந்தால் டைரியோடு நிறுத்தியிருக்க மாட்டார்.

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை இந்த ஆட்டம். நாற்பத்தோரு வருஷமாக நடக்கிறது. ஒரு வருஷம் எங்கள் மைதானம், அடுத்த வருஷம் அவர்கள் மைதானம். கடைசி இருபது வருஷத்தில் நாங்கள் ஜெயித்தது இரண்டு. அதிலும் ஒன்று, மழையில் அவர்கள் பஸ் நடுவழியில் நின்றுபோய் அவர்கள் வராததால் கிடைத்தது. எங்கள் மைதானத்தில் நடந்தால் மைக் பிடிப்பது நான்தான். பழைய மாணவர் சங்கத்துச் செயலாளரும் நான்தான். பெர்க்மான்ஸ் குரல் இல்லாமல் முனையில் பந்து உருளாது என்று சொல்வார்கள். மைதானத்திலிருந்து மீன் சந்தை வரைக்கும் எட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது எங்கள் வழக்கம். சந்தையில் மீன் விற்கிற பெண்கள் வியாபாரத்தைப் போட்டுவிட்டு மைதானத்துக்கு வர முடியாது; ஆடுகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள் பெற்ற பிள்ளைகள். என் குரலில்தான் அவர்கள் ஆட்டம் பார்க்கிறார்கள்.

இன்றைக்கு அவர்களுக்கு என்னத்தைக் காட்டினேன்? நாலாவது நிமிஷத்தில் முதல் கோல். பாதி ஆட்டத்தில் ஐந்து. கோல் போட்டவன் எதிரணியாக இருந்தாலும் அவன் பெயர், வகுப்பு, ஊர் மூன்றையும் மைக்கில் சொல்ல வேண்டும் என்று ஒரு மரியாதை வைத்திருக்கிறோம். எந்த மடையன் கொண்டுவந்த மரியாதையோ, பதினொரு முறை சொன்னேன். ஏழாவது கோல் எங்கள் கோலியின் இரண்டு காலுக்கும் நடுவே, நடை பழகும் குழந்தை மாதிரி, மெல்ல உருண்டு போனது. கோலி பெயர் ஜெஸ்பின். பி.காம். இரண்டாம் வருஷம். சந்தையில் மீன் விற்கிற ரெஜினாளின் மகன். தகப்பன் பஹ்ரைனில் மீன்பிடி போட்டில் இருக்கிறான். அந்தக் கோல் விழுந்தபோது மேடையில் ஒரு சின்னக் குளறுபடி நடந்தது. மைக்செட் வியாகுலம் பார்த்த வேலை. அதை எழுத வேண்டியதில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் சங்கத்தின் ஏற்பாட்டில் மட்டும் ஒருவனும் குறை சொல்ல முடியாது. பதினான்கு சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை, நினைவுக் கேடயம். அதனால் ஆட்டம் முக்கால் மணி நேரம் தாமதமானது, அவ்வளவுதான்.

என் மனைவி கில்டாவுக்குப் பிறந்த ஊர் காரைவிளை. அவள் தம்பி அலோசியஸ் அந்தக் கல்லூரியில் விளையாட்டுத் துறை உதவியாளன். ஒவ்வொரு கோலுக்கும் போன் அடித்தான். கடைசியில் எடுத்தேன். "மச்சான், எண்ணுறதுக்கு ஆளு வேணுமா, அனுப்பட்டா?" என்றான். வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் பாயசம். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "பாலு மிஞ்சிப் போச்சு" என்கிறாள்.

ஜனவரி 21, ஞாயிறு

பூசை முடிந்து தாசையன் டீக்கடை. நிற்க இடமில்லை. கோவில் பிரசங்கத்தில் தூங்கியவன் எல்லாம் இங்கே விழித்துக்கொண்டான்.

ஒருத்தன் கோச்சை மாற்று என்கிறான். கோச்சே கிடையாது, பொருளாதார வாத்தியார்தான் விசில் ஊதுகிறார். ஒருத்தன் ரெஃப்ரி மேல் பாய்கிறான். பதினொரு கோலையுமா ரெஃப்ரி போட்டான்? தாசையன் டீ ஆற்றிக்கொண்டே, "ரெண்டு வருசம் ஆட்டத்த நிறுத்துங்கடே. தோக்கதுக்கு எதுக்குடே பந்தல் போடணும்?" என்றான். அவனை அடிக்கப் போனவன் நான்தான். நிறுத்துவதாம்! தோற்றாலும் நின்று தோற்க வேண்டும். நாற்பத்தோரு வருஷத்துப் பகையை விட்டுவிட்டால் நாங்கள் யார்?

'முனை சிங்கங்கள்' வாட்ஸப் குழுவில் இருநூற்றெட்டு செய்திகள். துபாயிலிருந்து தாசியூஸ் நாலு நிமிஷக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறான். எண்பத்தேழில் அவன் ஆடியபோது எப்படி இருந்ததென்று. எண்பத்தேழில் அவன் ஆடவில்லை, எலுமிச்சம்பழம் அறுத்துக் கொடுத்தான். நான் அதைச் சொல்லவில்லை. சங்கத்துக்கு நன்கொடை தருகிறவன்.

ஆனால் எல்லாப் பேச்சும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. கோலி வாங்கிட்டான். ஜெஸ்பின் காசு வாங்கிக்கொண்டு பந்தை விட்டுவிட்டான். கடையில் அதையே சொல்கிறார்கள், குழுவில் அதையே சொல்கிறார்கள், கோவில் வாசலில் அதையே சொல்கிறார்கள். ஊரே சொல்கிறது. நான் மட்டும் சொல்லவில்லை.

எனக்குக் காரணமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை, ஆட்டத்துக்கு முந்தின நாள், கில்டாவின் அம்மாவைப் பார்த்துவிட்டுக் காரைவிளை பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். அங்கே ஜெஸ்பின். அவன் எதிரில் காரைவிளைக் கோச். கோச் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார், இவன் அதைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தான். இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். பழனி பஞ்சாமிர்தமா கொடுத்திருப்பார்?

ஜனவரி 22, திங்கள்

மீட்டர் பழுது என்று புகார் கொடுக்க வந்த ஆள், கையெழுத்துப் போட்டு முடித்தபிறகு, "சார், பதினொன்னா?" என்று கேட்டார். அவர் புகாரை அடுக்கின் கடைசியில் வைத்தேன்.

ஜனவரி 23, செவ்வாய்

வியாகுலம் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான், உட்காரவில்லை.

"அண்ணே, ஊருல எல்லாவனும் என்னப் போட்டு மெல்லுதானுவ. மைக்க நான்தான் அணைக்காம விட்டேன்னு நீங்க சொன்னீங்களாம்."

"பின்ன யாரு விட்டா?"

"சுவிட்சு ஒங்களுக்க கையில உள்ள மைக்குல இருக்கு. நான் அந்தப் பக்கம் ஒயரு புடிச்சிட்டு நின்னேன். நீங்க அமுக்காமத் திரும்பி என்கிட்ட சொன்னீங்க. சொன்னது நீங்க, கேட்டது எட்டுக் குழாயும்."

மைக் பிடித்திருப்பவன் ஆட்டத்தைப் பார்ப்பானா, சுவிட்சைப் பார்ப்பானா? இவனுக்கு இதை எப்படி விளக்குவது? ஏழாவது கோல் விழுந்ததும் வயிறு எரிந்து பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். "இவன் வாங்கிட்டாண்டே வியாகுலம், நேத்து நான் கண்ணால பாத்தேன்." இவ்வளவுதான் சொன்னேன். மனிதன் தோற்கும்போது வாயில் வருவதெல்லாம் சாசனமா? அது குழாய் வழியாகப் போனதற்கு யார் பொறுப்பு, மைக்செட்காரன் பொறுப்பு. அவன் தொழில் அது.

இதைத்தான் அவனிடமும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "சரிண்ணே" என்று போய்விட்டான். மாத்திரை போட மறந்துவிட்டேன், கில்டா எடுத்துக் கொடுத்தாள்.

ஜனவரி 24, புதன்

கில்டா சந்தைக்குப் போய் வெறும் பையோடு வந்தாள். ரெஜினாள் இவளுக்கு மீன் கொடுக்கவில்லையாம். முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளுக்கு வெட்டிக் கொடுத்தாளாம். சரி, சந்தையில் ரெஜினாள் ஒருத்திதான் மீன் விற்கிறாளா என்று கேட்டேன். மற்றவர்களும் கொடுக்கவில்லை என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். ஏழாவது கோல் விழுந்த நேரம் ரெஜினாள் பாறை மீன் வெட்டிக்கொண்டிருந்தாளாம். குழாயில் என் குரல் வந்ததும் கத்தி அப்படியே நின்றுவிட்டதாம். அன்றையிலிருந்து வருகிறவன் போகிறவன் எல்லாம், "மவன் வாங்குனதுல எங்களுக்கும் பங்கு உண்டா?" என்று கேட்கிறார்களாம். ஒருத்தன் நெத்திலிக்குப் பேரம் பேசும்போது இதைச் சொன்னதற்கு, அவள் தராசுத் தட்டை எடுத்து எறிந்திருக்கிறாள்.

"அவன் யுனிவர்சிட்டி டீமுக்கு எடுபட்டிருக்கான், தெரியுமா ஒங்களுக்கு?" என்றாள் கில்டா. எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரியிலிருந்து பதினாறு வருஷத்தில் முதல் ஆள். அடுத்த வியாழக்கிழமை, பிப்ரவரி ஒன்றாம் தேதி, பயிற்சி முகாம் தொடங்குகிறது. பிரின்சிபால் நன்னடத்தைக் கடிதம் கொடுத்தால்தான் சேர்ப்பார்கள். அந்த அணியில் ஆடினால் போலீசிலோ துறைமுகத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். ரெஜினாள் இதை நம்பித்தான் அவனைக் கடலுக்கு அனுப்பவில்லை.

அதற்கு நான் என்ன செய்ய? நன்னடத்தை உள்ளவன் எதிரிக் கோச்சிடம் பொட்டலம் வாங்குவானா?

ஜனவரி 26, வெள்ளி

கல்லூரியில் கொடியேற்றம். சங்கத்தின் சார்பில் போனேன். முடிந்ததும் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார். ஃபாதர் நல்ல மனிதர், ஆனால் வெளியூர்க்காரர். பந்து என்றால் டென்னிஸ் பந்து என்று நினைப்பவர்.

"பெர்க்மான்ஸ், அந்தப் பையன் விஷயம். கடிதத்துல கையெழுத்துப் போடணும். நீங்க பார்த்ததா மைக்குல சொன்னீங்களாமே. பணம் கைமாறுனதைப் பார்த்தீங்களா?"

நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "ஊர்ல அப்படித்தான் பேசிக்கிறாங்க ஃபாதர்" என்றேன்.

"ஊர் இருக்கட்டும். நீங்க?"

"ஒரு பொட்டலம் பாத்தேன். உள்ள என்னன்னு நான் பிரிச்சுப் பாக்கல."

"அப்ப ஊர்க்கமிட்டி விசாரிக்கப் போறாங்களாமே, அது முடியட்டும். அதுவரைக்கும் நான் போட முடியாது" என்றார்.

நான் பொய் சொன்னேனா? ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்றேன், பேசிக்கொள்கிறார்கள். பொட்டலம் பார்த்தேன் என்றேன், பார்த்தேன். இதையே கில்டாவிடம் சொன்னபோது அவள் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். காரைவிளைக்காரிக்குக் காரைவிளைப் பாசம்.

ஜனவரி 28, ஞாயிறு

ஊர்க்கமிட்டி கோவில் பலகையில் அறிவிப்பு ஒட்டிவிட்டது. வரும் ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பிறகு, மண்டபத்தில் விசாரணை. குற்றம் என்று முடிவானால் ஜெஸ்பின் ஊர்ப் பெயரிலோ கல்லூரிப் பெயரிலோ இனிப் பந்து தொடக்கூடாது. அடுத்த ஞாயிறு என்றால் நாலாம் தேதி. முகாம் ஒன்றாம் தேதி. இந்த அறிவாளிகளுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதா? கமிட்டித் தலைவரிடமே கேட்டேன். "நடுவுல கல்யாணம் இருக்கு, ஆளு சேராது" என்றார்.

டீக்கடையில் நாலு விடலைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி ரெஜினாள் வீட்டுக் கதவில் கரியால் பெரிதாக '11' என்று எழுதியிருக்கிறார்கள். அவள் விடிந்ததும் மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தாளாம், போகவில்லையாம். எனக்கு வந்ததே கோபம். "எவன்டே எழுதுனது? பொம்பள தனியா இருக்குற வீட்டுல போயி எழுதுவியா?" என்று சட்டையைப் பிடித்தேன். அதில் ஒருத்தன் சட்டையை உதறிவிட்டுச் சொன்னான். "மாமா, நீரு மைக்குல சொன்னத நாங்க கரியில எழுதுனோம். இதுல என்ன கொறஞ்சு போச்சு?"

டீ அப்படியே இருந்தது. வைத்துவிட்டு வந்துவிட்டேன். மரியாதை தெரியாத தலைமுறை.

ஜனவரி 30, செவ்வாய்

ஏழாவது நாளாகச் சாம்பார்.

பிப்ரவரி 1, வியாழன்

ஆபீசிலிருந்து திரும்பும்போது ஜெஸ்பினைப் பார்த்தேன். கடற்கரையில் வலை உலர்த்துகிற இடத்தில், சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். வெறுங்கை. பக்கத்தில் ஒருத்தனும் இல்லை. என்னைப் பார்த்ததும் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக நின்றான். ஏதாவது திட்டுவான் என்று நினைத்தேன். "வாங்க மாமா" என்றான். "முகாம் என்னாச்சு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இன்னைக்கிக் காலையில தொடங்கிட்டாங்க மாமா."

அப்புறம் அவன் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பிரின்சிபால் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கலாம். கமிட்டி ஒரு வாரம் முன்னால் கூடியிருக்கலாம். இந்த ஊரில் ஒரு வேலையாவது நேரத்துக்கு நடக்கிறதா? எல்லாரும் சேர்ந்து ஒரு பையனை உட்கார வைத்துவிட்டார்கள். எழுத எழுதக் கோபம் தணியும் என்று சொன்ன டாக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 3, சனி

அலோசியஸ் வந்தான். கில்டாதான் வரச் சொல்லியிருக்கிறாள். வந்தவன் வழக்கம்போல கேலி பேசவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"மச்சான், நாளைக்கு விசாரணையாமே. அக்கா இப்பத்தான் பொட்டலத்தப் பத்திச் சொன்னா. நீங்க அத எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"ஒன்கிட்ட என்ன கேக்க? நீ ஒங்க கோச்ச விட்டுக்கொடுப்பியா?"

"அந்தப் பொட்டலத்தக் கட்டுனதே நான்தான்."

அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"அது கிளவுஸ் மச்சான். கோலி போடுற கிளவுஸ். அந்தப் பையன் எங்க கோச்சுக்குப் போன் பண்ணினான். 'சார், எனக்க கிளவுஸ் கிழிஞ்சுபோச்சு, காலேஜில இல்லேங்காவ, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் பழசு எதாவது தருவீங்களா'ன்னு. எங்க ஸ்டோர்ல போன வருசத்துக் கோலிக்க செவப்புக் கிளவுஸ் கெடந்துது. ரெண்டு சைஸு பெருசு. அதத்தான் பேப்பர்ல சுத்திக் கொடுத்தேன். எதிரி டீமுக்கு எதுக்கு சார் கொடுக்கணும்னு நான் கூடக் கேட்டேன். 'வெறுங்கையோட நிக்கிறவனுக்கு எதிரா போடுறது கோலே இல்லடே'ன்னு கோச் சொல்லிட்டாரு. ஆட்டம் முடிஞ்சதும் தொடச்சு, பேப்பர்ல சுத்தி, பையன் திருப்பித் தந்துட்டான்."

சிவப்புக் கிளவுஸ். மைக் மேடையிலிருந்து தொண்ணூறு நிமிஷம் பார்த்தேனே. அகப்பையைக் கட்டிவிட்டது போலத் தொங்கிக்கொண்டிருந்தது. முனையின் நிறம் நீலம், இவன் ஏன் சிவப்பு போட்டிருக்கிறான் என்று ஒரு தடவை தோன்றியது. எதிரிக்கு அடையாளம் காட்டப் போட்டிருக்கிறான் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

"அப்ப பஸ் ஸ்டாண்டுல எதுக்குச் சுத்திப் பாத்தான்?" என்று கேட்டேன்.

"எதிரி காலேஜில போயி கிளவுஸ் பிச்ச எடுத்தான்னு ஒங்க சிங்கங்க எவனாவது பாத்தா விடுவானுவளா மச்சான்?"

அவன் போன பிறகு சங்கத்து ஃபைலை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று எனக்குத் தெரியும். நவம்பர் பதினாலாம் தேதி, நல்ல கையெழுத்தில், 'பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள்' என்று போட்டு, கோலிக்குக் கிளவுஸ் ஒரு ஜோடி வேண்டும் என்று பணிவோடு கேட்டு, கீழே ஜெஸ்பின் கையெழுத்து. மூலையில் பச்சை மையில் 'பரிசீலிக்கப்படும்'. அது என் கையெழுத்து. அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் நாங்கள் இரண்டு மணி நேரம் பரிசீலித்தது பொன்னாடை பட்டா, சரிகையா என்பதை.

பதினான்கு பேருக்குப் போர்த்தினோம். அதில் ஆறு பேர் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே காரில் ஏறிப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் எரிச்சல் படலாம், சங்கத்தின் மேல் படலாம். பட்டுப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. கொடியேற்றத்தன்று ஃபாதர் என்னிடம் நேராகக் கேட்டார். உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது ஃபாதர், தோற்ற ஆத்திரத்தில் உளறிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவர் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பார். பையன் இன்றைக்கு முகாமில் இருந்திருப்பான். குழாயில் போனது வாய் தவறிப் போனது. ஃபாதரிடம் சொன்னது வாய் தவறிச் சொன்னதில்லை.

எனக்கு என்மேல் வருகிற கோபத்துக்கு இந்த டைரி பத்தாது.

பிப்ரவரி 4, ஞாயிறு

மண்டபத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். ஜெஸ்பின் தூணோரம் நின்றான். ரெஜினாள் ஆண்கள் கூட்டம் என்று பார்க்காமல் உள்ளே வந்து, முன்வரிசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வரச் சொல்லவில்லை என்று யாரோ முனகினார்கள். "எனக்க மவன விசாரிக்கத் தெரியுதுல்லா, அப்ப நானும் இருப்பேன்" என்றாள்.

"பணம் வாங்குனத யாரு பாத்தா?" என்று தலைவர் கேட்டார். பதினைந்து நாளாக டீக்கடையில் பார்த்தது போலவே பேசிய அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள்.

எழுந்தேன். பார்த்தது பொட்டலம், உள்ளே இருந்தது கிளவுஸ், அதை அவன் முதலில் கேட்டது என்னிடம், கொடுக்காதது நான், வாங்கிட்டான் என்று சொன்னதும் நான், ஃபாதர் கேட்டபோது மழுப்பியதும் நான் என்று சொன்னேன். கடிதத்தைத் தலைவர் கையில் கொடுத்தேன். அவர் பச்சை மையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். அவரும் சங்கத்து உறுப்பினர்தான், சரிகைக்கு ஓட்டுப் போட்டவர்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தன் விடவில்லை. "அப்ப பதினொன்னு எப்படிடே போச்சு?"

ஜெஸ்பின் முதன்முறையாக வாயைத் திறந்தான். "அவங்க நல்லா ஆடுனாங்க" என்றான்.

இருபது வருஷமாக இந்த ஊரில் ஒருத்தன் சொல்லாத வார்த்தை அது. ரெஃப்ரி என்றோம், மழை என்றோம், மைதானம் என்றோம், வாங்கிட்டான் என்றோம். அவர்கள் நன்றாக ஆடினார்கள் என்று சொல்ல எங்களில் ஒருத்தன் நாக்கும் வளையவில்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "சரி, குற்றமில்ல. பெர்க்மான்சும் வருத்தம் தெரிவிச்சாச்சு. இத்தோட முடிஞ்சுது, எல்லாரும் டீ குடிச்சிட்டுப் போங்க."

"முடியல" என்றாள் ரெஜினாள். அவள் தலைவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "எனக்க மவன் பேர எட்டுக் குழாயில சொன்னீரு. இப்ப மண்டபத்துக் கதவச் சாத்திட்டு முப்பது பேருக்குச் சொல்லுதீரு. இந்த முப்பது பேரா எங்கிட்ட மீனு வாங்குதான்?"

தலைவர் ஏதோ சொல்ல வந்தார். நான் அவரை உட்காரச் சொன்னேன். "நாளைக்குக் காலையில சந்தைக்கு வாறேன்" என்றேன்.

அங்கிருந்து நேராக வியாகுலம் வீட்டுக்குப் போனேன். இந்த முறை நான் அவன் வாசலில் நின்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. சுவிட்சு என் கையில்தான் இருந்தது என்று சொன்னேன். "அது எனக்கு அண்ணைக்கே தெரியும்லாண்ணே" என்றான். எட்டுக் குழாயும் வேண்டும் என்றேன்.

பிப்ரவரி 5, திங்கள்

ஆபீசுக்கு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை'.

ஏழு மணிக்குச் சந்தை நிறைந்திருந்தது. ஏலம் முடிந்து கூடைகள் வந்துவிட்டன. வியாகுலம் விடியும் முன்பே குழாய்களைக் கட்டி முடித்திருந்தான். ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு என்னை நிற்க வைத்தான். கில்டா வெறும் பையோடு ஓரமாக நின்றாள். இருபத்திரண்டு வருஷமாக மைக் பிடிக்கிறேன், இன்றைக்குத்தான் அது கையில் வழுக்கியது.

சொன்னேன். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. "நான் பெர்க்மான்ஸ் பேசுறேன். ஆட்டத்து அன்னைக்கு இதே குழாயில ஜெஸ்பின் வாங்கிட்டான்னு சொன்னவன் நான். அது பொய். அவன் ஒண்ணும் வாங்கல. நம்ம சங்கம் கிளவுஸ் கொடுக்கல, கேட்ட கடுதாசிய நான்தான் ஃபைல்ல போட்டேன். இன்னொருத்தங்க கிளவுச இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு தொண்ணூறு நிமிசம் நின்னான். பிரின்சிபால் கேட்டப்பவும் நான் உண்மையச் சொல்லல. அதனால யுனிவர்சிட்டி முகாம் அவனுக்குப் போச்சு. அதுக்கும் காரணம் நான்தான்." என் குரல் எனக்கே குழாய் வழியாகத் திரும்பி வந்தது.

சந்தை அமைதியாகிவிட்டது என்று எழுத ஆசை. ஆகவில்லை. பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேர் பேரம் பேசினார்கள். ஒரு கிழவி, "யாரு செத்தா, என்ன அறிவிப்பு?" என்று பக்கத்தில் கேட்டாள். கரியால் கதவில் எழுதியதாக நான் சட்டையைப் பிடித்த பையன் சைக்கிளில் வந்தவன், இறங்கி நின்று கேட்டுவிட்டுப் போனான். அன்றைக்கு ஒரே வாக்கியம் ஊர் முழுக்கப் போனது. இன்றைக்குப் பத்து வாக்கியம் சொல்லியும் எவ்வளவு போனதென்று தெரியவில்லை.

சுவிட்சை அணைத்தேன். ஸ்டூலிலிருந்து இறங்கி ரெஜினாளைப் பார்த்தேன். அவள் ஒரு சூரையை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தாள். முடித்துக் கையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தாள்.

"நம்மூரு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் குழாயில வரல்ல" என்றாள். "அங்கயும் ஆளு நின்னுது அண்ணைக்கு."

வியாகுலம் ஓடிப்போய் ஏணி வைத்து ஏறினான், ஒயரைப் பிரித்துக் கட்டினான். கை காட்டினான். நான் மறுபடி ஸ்டூலில் ஏறி, சுவிட்சைப் போட்டு, என் பெயரிலிருந்து தொடங்கினேன்.